மூன்றாவது மாடி நெர்மினும் போலந்து மருமகளும்

வியெஸ்வாவா என்ற பெயரைத் துருக்கியின் அய்வலிக் ஊரில் தொடக்கம் முதல் முடிவுவரை உச்சரித்த ஒரே மனிதர் கல்யாணப் பதிவு அதிகாரிதான். அவரும் நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தார். மாமியார் முஸெய்யெனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மருமகள் வீட்டுக்குள் கால் வைத்த அன்றே விஷயத்தை முடித்துவிட்டாள்.

"இந்தப் பேரைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அடுப்புல இருக்கறது தீஞ்சு போயிடும். இனிமே இவ விஷ்னெ."

விஷ்னெ என்றால் புளிப்புச் செர்ரிப் பழம். போலந்து மொழியிலும் அந்தப் பழத்துக்குக் கிட்டத்தட்ட அதே பெயர்தான் என்பதால் மருமகளுக்கு அது பிடித்துவிட்டது. அன்று அவளுக்குப் புரிந்த ஒரே துருக்கிச் சொல்லும் அதுதான்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. போலந்துத் துறைமுகம் ஒன்றில் நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். சரக்குக் கப்பலில் வந்து இறங்கிய ஜெவ்தெத், மழைக்கு ஒதுங்க நூலகத்துக்குள் நுழைந்து, புரியாத புத்தகம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தபடி நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அதில் தொடங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் கப்பலை விட்டுவிட்டு, அய்வலிக்கிலிருந்து எதிரே இருக்கும் ஜுண்டா தீவுக்குப் போகும் சிறு படகை ஓட்ட ஆரம்பித்தான். அவள் படகில் சீட்டுக் கிழித்தாள்.

சொந்த ஊரில் அவள் கதை எழுதுகிறவள். இரண்டு கதைகள் அச்சிலும் வந்திருந்தன. இங்கே வந்து ஏழு வருடம் ஒரு வரியும் எழுதவில்லை. போலந்து மொழியில் யோசித்தால் ஜன்னலுக்கு வெளியே தெரிவது எதுவும் அதில் அகப்படவில்லை. துருக்கி மொழியில் யோசித்தால் கத்தரிக்காய் வாங்கும் அளவுக்குத்தான் யோசனை ஓடியது. அதனால் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்தாள். அவர்கள் இரண்டாவது மாடியிலும் மாமியார் எதிர் வீட்டிலும் குடியிருந்த கட்டிடத்தில் காதைத் திறந்து வைத்தவளுக்கு வேறு வேலை எதற்கும் நேரம் இருக்காது.

காரணம் மூன்றாவது மாடி நெர்மின். கீழே மளிகைக் கடைக்குக் கயிற்றில் கூடையை இறக்குவாள். கூடையில் ரொட்டி வரும். ரொட்டியோடு கடைக்காரர் அண்ணாந்து பார்த்துச் சொல்லும் செய்தியும் வரும். செய்தி நன்றாக இருந்தால் நெர்மினுக்கு உப்பு மறந்துபோகும், கூடை மறுபடி இறங்கும். காலை ஒன்பது மணிக்குள் ஆறு முறை இறங்கிய நாட்கள் உண்டு.

விஷ்னெ மொழியைக் கற்றது நெர்மினிடம்தான். துருக்கி மொழியில் கண்ணால் கண்டதைச் சொல்ல ஒரு விகுதி, காதால் கேட்டதைச் சொல்ல இன்னொரு விகுதி. நாம் 'வந்தாள்', 'வந்தாளாம்' என்று சொல்கிறோமே, அதேதான். நெர்மின் பேச்சில் பத்துக்கு ஒன்பது 'ஆம்'. வம்புக்கென்று இலக்கணத்திலேயே இடம் ஒதுக்கி வைத்த மொழி என்று தெரிந்த நாளில்தான் விஷ்னெ இந்த ஊரில் சாகும்வரை இருந்துவிடலாம் என்று முடிவு செய்தாள். கணவன் அது தனக்காக என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எட்டாவது வருடம், வார்சாவில் பெண்கள் பத்திரிகை ஒன்றின் ஆசிரியையாகிவிட்ட பழைய தோழி ஹலினா, "கடல், சூரிய அஸ்தமனம், மசாலா வாசனை, இப்படி ஏதாவது எழுதி அனுப்பு" என்று கேட்டாள். விஷ்னெ அனுப்பினாள். தான் எழுதிய அஸ்தமனத்தைப் படித்துத் தனக்கே கொட்டாவி வந்தது. மறு மாதம் நெர்மினின் கூடையைப் பற்றி எழுதினாள். பத்திரிகைக்கு வாசகிகளின் கடிதங்கள் குவிந்தன. அதன்பின் பன்னிரண்டு வருடம் மாதம் தவறாமல் அந்தக் கட்டிடம் போலந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமியார், நெர்மின், நான்காவது மாடி ஷுகூஃபெ என்று எல்லோரும் சொந்தப் பெயரிலேயே போனார்கள். பெயரை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அய்வலிக்கில் போலந்து மொழி படிக்கிறவர்கள் யார்? அவளும், வருடம் ஒருமுறை வரும் போலந்துச் சுற்றுலாப் பயணிகளின் நாயும்தான்.

எழுதும்போது ஒரு சிக்கல் வரும். போலந்து மொழியில் 'ஆம்' கிடையாது. ஒவ்வொரு வரியிலும் 'சொல்கிறார்கள்', 'கேள்விப்பட்டேன்' என்று சேர்த்தால் வாக்கியம் நொண்டும். அதனால் எடுத்துவிட்டாள். வாக்கியம் அழகாக ஓடியது.

வியாழக்கிழமை சந்தை நாள். அன்று மதியம் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடையின் மாடி அறையில் மூன்று பேர் கூடுவார்கள். கடை ஹிமேனாவின் கணவனுடையது. ஹிமேனா சிலே நாட்டுக்காரி. ஸ்பானிய மொழியில் துப்பறியும் நாவல் எழுதுகிறவள். அவள் நாவல் எதிலும் பத்தாம் பக்கத்தைத் தாண்டி மாமியார் உயிரோடு இருந்ததில்லை. அவளுடைய நிஜ மாமியார் அந்தப் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "என் மருமக என்னைப் பத்தித்தான் எழுதறா" என்று பெருமைப்படுவாள். அதுவும் உண்மைதான். மூன்றாமவள் லூர்தெஸ், பிலிப்பைன்ஸ்காரி, ரொட்டி சுடுபவரின் மனைவி. ரொட்டி சுற்றும் தாளில் கவிதை எழுதுவாள். மூவருக்கும் பொது மொழி துருக்கிதான். சந்தையில் வாங்கிய பச்சை பாதாமைக் கொறித்துக்கொண்டு, எழுதியதை அந்தப் பொது மொழியில் தட்டுத்தடுமாறிச் சொல்வார்கள்.

"பேரையாவது மாத்துடி" என்று ஹிமேனா நூறு முறை சொல்லியிருப்பாள். "இல்லேன்னா என்னை மாதிரிக் கொன்னுடு. செத்தவ வந்து கேக்க மாட்டா."

"நெர்மினைக் கொன்னா அடுத்த மாசம் நான் எதை எழுத?" என்பாள் விஷ்னெ.

வினை பெலின் உருவில் வந்தது. பெலின் நெர்மினுடைய தங்கை மகள், மருந்தியல் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். சர்க்கரை கேட்டு விஷ்னெ வீட்டுக்கு வந்தவள் மேஜைமேல் கிடந்த பத்திரிகையைப் புரட்டினாள். புரியாத எழுத்துக்களுக்கு நடுவே 'நெர்மின்' என்று இருந்தது. அடுத்த வரியில் இன்னொரு 'நெர்மின்'. பெண் சர்க்கரையை மறந்தாள். கைபேசியைத் தூக்கி அந்தப் பக்கத்தின்மேல் பிடித்தாள். திரையில் எழுத்துக்கள் துள்ளித் துள்ளித் துருக்கி மொழியாக மாறின.

விஷ்னெ சர்க்கரைக் கிண்ணத்தோடு சமையலறையிலிருந்து வந்தபோது பெலினும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அலமாரியில் இருந்த பழைய இதழ்களில் ஒரு அடுக்கும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிடத்துப் பெண்கள் ஆளுக்கொரு வீட்டில் முறைவைத்துத் தேநீருக்குக் கூடுவார்கள். அந்த வாரம் நெர்மின் வீட்டு முறை. போகாமல் இருக்கலாமா என்று விஷ்னெ யோசித்தாள். மாமியார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"வா. உடம்பு சரியில்லேன்னு சொன்னா ஒரு கூட்டமே கஷாயத்தோட வந்து நிக்கும். அதுக்கு இதுவே மேல்."

உள்ளே வழக்கம்போல் கோதுமை ரவைச் சாலட், திராட்சை இலைச் சுருள், வெண்ணெய் பன். ஆனால் எப்போதும் நடு மேஜையில் இருக்கும் ஷுகூஃபெயின் பாலாடைக்கட்டி அடுக்கப்பத்தைக் காணோம். ஷுகூஃபெ ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெர்மின் எதிர்மூலையில். நடுவில் பெலின், கைபேசியோடு, கோர்ட்டில் சாட்சியம் வாசிக்கும் குமாஸ்தா மாதிரி.

"வாசி" என்றாள் நெர்மின்.

கைபேசி ஒரு செய்தி வாசிப்பவளின் குரலில் வாசித்தது. "நெர்மின் மூன்றாவது மாடியில் அரசு வானொலி ஊழியராகப் பணிபுரிகிறார்."

"நான் அப்படி எழுதல" என்றாள் விஷ்னெ. "மூணாவது மாடி ரேடியோன்னு எழுதினேன்."

"இதை விடு, இது நல்லாத்தான் இருக்கு" என்றாள் நெர்மின். "அடுத்ததை வாசிடி."

"ஷுகூஃபெ அடுக்கப்பத்தைக் கடையில் வாங்கித் தன் தட்டில் வைத்துச் சூடாக்குகிறார். மாவு கையில் ஒட்டியிருப்பதற்காக வாசலைத் திறக்கும் முன் விரல்களில் மாவு பூசிக்கொள்கிறார்."

ஷுகூஃபெ எழுந்தாள்.

"இதை இவகிட்ட சொன்னது யாரு?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பெலின் மட்டும் விசுவாசமாக வாசித்துக்கொண்டே போனாள். "நெர்மின் காபிக் கோப்பையில் எதிர்காலம் பார்க்கிறார். கோப்பை பார்ப்பதற்கு முன் மளிகைக் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். கோப்பையில் அவருக்குத் தெரிவது காபி மட்டுமே."

"இதைச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் நெர்மின் ஜன்னல் பக்கம் பார்த்து.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல. 'கேக்கறாளாம்'னுதான் சொன்னேன்" என்றாள் ஷுகூஃபெ.

"நானும் 'வாங்கறாளாம்'னுதான் சொன்னேன். 'பூசிக்கறாளாம்'னு சொன்னேன். இப்போ பாரு, நானே அவ சமையலறையில நின்னு பார்த்த மாதிரி இருக்கு." நெர்மின் விஷ்னெ பக்கம் திரும்பினாள். "ஏண்டி, உனக்குப் பேசக் கத்துக் குடுத்தது நான். என்னோட 'ஆம்' எல்லாம் எங்கேடி கொண்டு போய்ப் போட்டே?"

"எங்க மொழியில அது இல்லக்கா" என்றாள் விஷ்னெ. குரல் கீழே எங்கோ கிடந்தது.

"இல்லையா?" நெர்மினுக்குக் கோபத்தையும் மீறி ஆச்சரியம். "அப்போ அங்கே பொம்பளைங்க எப்படிப் பேசிக்கறாங்க?"

யாரும் பதில் சொல்லுமுன் பெலின் அடுத்த இதழை எடுத்துவிட்டாள். "என் கல்யாணத்தன்று மாமியார் அழுதது மகனைப் பிரியும் துக்கத்தால் அல்ல. செருப்பு இரண்டு அளவு சிறியது."

எல்லாத் தலைகளும் முஸெய்யென் பக்கம் திரும்பின. அவள் தேநீரை நிதானமாக உறிஞ்சிவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"அது நெசம்தான்" என்றாள். "ஆனா போலந்துல இருக்கறவங்களுக்கு முன்னாடி என் மகனுக்கு அது தெரிஞ்சிருக்கணும். இத்தனை வருஷமா அந்த அழுகையைச் சொல்லித்தான் அவனை ஞாயித்துக்கிழமை தவறாம வீட்டுக்கு வரவழைக்கிறேன்."

பிறகு அவளே தீர்ப்பையும் சொன்னாள். வயதில் மூத்தவள், செருப்பு விஷயத்தில் பாதிக்கப்பட்டவளும்கூட. "எங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியாத மொழியில எழுதினா அது எழுத்தில்ல, ஒட்டுக்கேட்டுட்டு ஓடிப்போறது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஷுகூஃபெ வீடு. அதுக்குள்ள எல்லாத்தையும் நம்ம மொழியில எழுதிக் கொண்டா. 'ஆம்' போட வேண்டிய இடத்துல போடு. உட்கார்ந்து எங்க முன்னாடி படி."

அடுத்த செவ்வாய் என்றால் பதினான்கு நாள். அந்தப் பதினான்கு நாளும் விஷ்னெ சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பேனாவைக் கடித்து, ஜெவ்தெத் மேல் எரிந்து விழுந்தாள். இத்தனை வருடம் பேசிய மொழிதான். எழுத உட்கார்ந்தால் கை முதல் வகுப்புப் பிள்ளைபோல் தடுமாறியது. போலந்து மொழியில் அவளுக்கு இருந்த நீளமான, வளைந்து வளைந்து போகும் வாக்கியங்கள் இதில் இல்லை. குட்டி வாக்கியங்கள்தான் வந்தன. ஒன்றை எழுதினால் அடுத்தது பின்னாலேயே வந்து குட்டிக்கரணம் போட்டது.

ஹிமேனாவிடம் புலம்பினாள். "என்னை எழுத்தாளர்னு யாரும் நம்பவே மாட்டாங்க. வேற்றுமை உருபு எல்லாம் தப்பு."

"தப்பா இருந்தா என்ன?" என்றாள் ஹிமேனா. "தப்புக்குச் சிரிச்சாலும் சிரிப்புதானே."

ஆனால் நடந்தது வேறு. ஷுகூஃபெ வீட்டில், எல்லோர் முன்னாலும் அவள் படித்தாள். கூடைக் கதையைப் படித்தாள். கூடை ஆறாவது முறை இறங்கும்போது கடைக்காரர் உப்புப் பொட்டலத்தைக் காலியாகவே மடித்து வைக்கிறாராம், எப்படியும் அதை யாரும் பிரிக்கப்போவதில்லையாம் என்ற இடம் வந்தது. ஷுகூஃபெ குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்தது. நெர்மின் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்து, தோற்று, சோபாவில் சாய்ந்தாள்.

விஷ்னெ படிப்பதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் அச்சில் வந்த நூற்று நாற்பது கட்டுரைகளில் ஒன்றுக்குக்கூட யாரும் சிரித்து அவள் கேட்டதில்லை. வார்சாவில் யாரோ, எங்கோ, ட்ராமில் போகும்போது சிரித்திருக்கலாம். சிரித்தார்களாம் என்று ஹலினா எழுதுவாள். இது மூன்றடி தூரத்தில், முகத்தில் தேநீர் தெறிக்கிற சிரிப்பு. அவளுக்குக் கண் கலங்கியது. நெர்மின் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

"அழாதடி, மன்னிச்சிட்டோம். ஆனா கூடை ஆறு தடவை இல்ல, நாலு."

"எட்டு" என்றாள் ஷுகூஃபெ.

அன்றிலிருந்து திருத்தம் தொடங்கியது. ஒவ்வொருத்தியும் தன் பங்கைத் தனக்குச் சாதகமாகத் திருத்தினாள். ஷுகூஃபெ அடுக்கப்பத்தை மூன்று பத்திக்கு விளக்கி, அதில் தன் நாத்தனாரைக் கெட்டவளாகச் சேர்க்கச் சொன்னாள். உருபுகளை மட்டும் முஸெய்யென் திருத்தினாள். அவள் ஒரு காலத்தில் தபால் அலுவலகத்தில் படிக்காதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள். ஊர் வாரப் பத்திரிகைக்காரருக்குப் பக்கம் நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது, வாங்கிப் போட்டார். அதோடு ஒரு புதுத் தொல்லை. எழுதப்படாதவர்களுக்கு முகம் சுண்டியது. முதல் மாடி ஓய்வு பெற்ற வங்கிக்காரி படியில் விஷ்னெயை மறித்து, "நாப்பது வருஷம் முன்னாடி நானும் ஒருத்தனோட ஓடிப்போகப் பார்த்தேன். சும்மா தகவலுக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்கிடையில் நெர்மின் ஒரு நோட்டு வாங்கினாள். அதைச் செய்தியாகச் சொன்னதும் அவள்தான்.

"நீ மட்டும்தான் எழுதணுமா? நானும் இருபது வருஷமா உன்னை மேலேர்ந்து பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

ஒரு செவ்வாயன்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'போலந்து மருமகள் ஊறுகாய்க் காலத்தில் வெள்ளரிக்காயோடு சண்டை போடுவாள். இரண்டு வருடம் ஒவ்வொரு வீட்டிலும் விடைபெறும்போது, சமைத்தவளைப் பாராட்டும் "உங்கள் கைக்கு ஆரோக்கியம்" என்பதற்குப் பதில், சாவு வீட்டில் சொல்லும் "உங்கள் தலைக்கு ஆரோக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் திருத்தவில்லை. எங்களுக்கு அது பிடித்திருந்தது. துணி காயப்போடும்போது தன் மொழியில் பாடுவாள். அழுகிறாளோ என்று முதல் வருடம் நான் இரண்டு முறை சூப் கொண்டுபோனேன். பிறகு தெரிந்தது, அவள் சந்தோஷமாக இருந்தாள். ஆனாலும் சூப்பை நிறுத்தவில்லை.'

மற்றவர்கள் சிரிக்க, விஷ்னெ உள்ளுக்குள் கருகினாள். இரண்டு வருடம். இத்தனை பேர். ஒருத்தியாவது சொன்னாளா? ஊரெல்லாம் கவனித்து எழுதியவளுக்குத் தன்னை யாரோ கவனித்து எழுதினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. குளிரில் யாரோ போர்வையை உருவியதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து ஜெவ்தெத்திடம் சொன்னாள்.

"அவ எழுதினது நல்லா இருக்கா?" என்று கேட்டான் அவன்.

"அதான் பிரச்சினை. ரொம்ப நல்லா இருக்கு."

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் நாள் அதைப் போலந்து மொழியில் பெயர்த்து, நெர்மின் பெயரிலேயே ஹலினாவுக்கு அனுப்பினாள். நல்லெண்ணமா, பழிவாங்கலா என்று அவளுக்கே தெளிவில்லை. நெர்மினை அந்நிய மொழியில் சிக்கவைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு குறுகுறுப்பு.

ஹலினாவின் பதில் இரண்டே நாளில் வந்தது. 'அற்புதம். வாசகிகளுக்கு இத்தனை வருடம் உன் கண் பழகிவிட்டது. இனி உன் பக்கத்தில் நெர்மின் எழுதட்டும். நீ மொழிபெயர்த்துக் கொடு.'

விஷ்னெ அந்தக் கடிதத்தை வியாழக்கிழமை மாடி அறையில் படித்துக் காட்டினாள். லூர்தெஸ் பாதாமை வாயில் வைத்தபடி உறைந்தாள். ஹிமேனா கீழே கடையில் இருந்தவர்கள் ஸ்பானரைப் போட்டுவிட்டு மேலே பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"நான் அப்பவே சொன்னேன், கொன்னுடுன்னு."

அப்படித்தான் நெர்மின் போலந்து நாட்டு எழுத்தாளரானாள். மாதம் ஒருமுறை விஷ்னெ வீட்டுக்கு நோட்டோடு வந்து உட்காருவாள். மொழிபெயர்ப்பின்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லாததால் பெலினைக் கைபேசியோடு அழைத்து வந்து ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சரிபார்ப்பாள்.

"இங்க 'முட்டாள்'னு எழுதியிருந்தேன். இதுல 'எளிய உள்ளம் கொண்டவள்'னு வருது."

"அது என்னைப் பத்தினது, அக்கா. கொஞ்சம் பார்த்துப் போட்டேன்."

"போடாதே. எழுத்துல நேர்மை வேணும்."

பக்கம் பறிபோனவளுக்கு ஒரு மாதம் கை அரித்தது. பிறகு அவள் கவனித்தாள்: போலந்து மொழியில் எழுத வேண்டிய கட்டாயம் போனபின் குட்டி வாக்கியங்கள் தானாக வந்துகொண்டிருந்தன. மாமியாரின் செருப்பிலிருந்து தொடங்கிய ஒன்று முப்பது பக்கம், அறுபது பக்கம் என்று வளர்ந்தது. அதில் பாதிதான் நடந்தது. மீதி நடந்ததாம். இஸ்மிரில் ஒரு சிறிய பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட்டது.

வெளியீட்டை, வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், படகுத்துறைத் தேநீர்த் தோட்டத்தில் வைத்தார்கள். ஜெவ்தெத் படகுக்கு விடுமுறை விட்டு நாற்காலி போட்டான். முஸெய்யென் முதல் வரிசையில், சரியான அளவுச் செருப்போடு. விஷ்னெ எழுந்து முதல் அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் ஷுகூஃபெ எழுந்தாள்.

"அது அப்படி இல்ல."

"எப்படி இல்ல? நான் பக்கத்துல இருந்தேன்" என்றாள் நெர்மின்.

"நீ இருந்தியாம். யாரு பார்த்தா?"

முதல் மாடி வங்கிக்காரியும் தன் பங்கைச் சொல்ல எழுந்துவிட்டாள். நாற்பது வருடக் கதை, அதுவும் ஓடிப்போகப் பார்த்த ஆளே மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருக்கும்போது. பதிப்பகத்திலிருந்து வந்திருந்த இளைஞர் பதறிப்போய் விஷ்னெயிடம் குனிந்தார்.

"அம்மா, இவங்களை உட்காரச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்" என்றாள் விஷ்னெ. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மாமியார் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவளிடம் ஒரு பேனா கேட்டாள்.